புத்தகத் தமிழில் நடந்த யுத்தங்கள்

நோட்டரி தணிகாசலம் கோர்ட்டிலிருந்து நாலு மணிக்குத்தான் வருவார் என்று டைப்பிஸ்ட் கஸ்தூரி சொன்னபோது மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பரந்தாமனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வராமலே போனாலும் சரிதான். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரே ஒரு அறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி. ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்து மடியில் இருந்த பச்சை ஃபைலைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே இருந்தது ஒரு முத்திரைத்தாள். அவருடைய மகள் தாரிணி, பதினேழரை வயது, புனே பக்கத்து ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர நாளை மாலை காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். பயிற்சியில் அவளுக்கு என்ன ஆனாலும் அரசாங்கத்திடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று தகப்பன் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் அது. பெற்றோர் பெயரில் வாங்கிய முத்திரைத்தாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கை இல்லை என்று அறிவுரைப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். காலையில் முத்திரைத்தாள் விற்கும் வெண்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு பெயர் கேட்டபோது பரந்தாமனின் வாய் தாரிணி என்று சொல்லிவிட்டது. அவர் எழுதினார். பரந்தாமன் பார்த்துக்கொண்டே நின்றார். திருத்திச் சொல்ல நேரம் இருந்தது, நாக்கும் இருந்தது. சொல்லவில்லை. வாய் தவறியது அரை நொடிதான். மிச்சத்தையெல்லாம் அவர் தெரிந்தே செய்தார்.

இப்போது இரண்டில் ஒன்று நடக்கும். தணிகாசலம் தாளைப் பார்த்து, இது செல்லாது, வேறு வாங்கி வாருங்கள் என்பார். திரும்பப் போய்ச் சேர்வதற்குள் வெண்டர் கடையைச் சாத்தியிருப்பார், ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார், நாளை ஞாயிற்றுக்கிழமை. அல்லது தணிகாசலம் பார்க்காமலே முத்திரை போட்டுவிடுவார், அங்கே கல்லூரி வாசலில் யாரோ ஒரு ஹவில்தார் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். எப்படியானாலும் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு வாரம் அழுவாள், ஒரு மாதம் பேச மாட்டாள், அப்புறம் இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிடலாம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாத மனுஷன் இப்படித்தான் குறுக்குவழி தேடுவான் என்று பரந்தாமனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது? தேர்வு முடிவு வந்த அன்று தெருவெல்லாம் லட்டு கொடுத்தவர் அவர். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில், தையல் பிரிந்த ஷூக்களைக் கழித்துப் போடுகிற மேஜையில் நின்றபடி, எல்லாம் நான் சின்ன வயதில் கொடுத்த புத்தகம் சார், அதுதான் ரத்தத்தில் ஊறிப்போச்சு என்று மேனேஜர் முதல் பெருக்குகிற அம்மா வரைக்கும் ஒருவர் விடாமல் அளந்தவர். அப்புறம்தான் அறிவுரைப் புத்தகம் தபாலில் வந்தது. எட்டாம் பக்கத்தில் காயம், ஊனம், மரணம் என்று மூன்று சொற்கள் வரிசையாக இருந்தன. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

புத்தகம் என்று அவர் சொன்னது உள்ளங்கை அகல யுத்தக் காமிக்ஸ். பழைய பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் பொறுக்கியது. மொத்தம் நாற்பத்து மூன்று. அட்டையில் மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை, அதிலும் சில பக்கங்களில் மை அப்பி ஜெர்மன்காரன் எவன் பிரிட்டிஷ்காரன் எவன் என்று தெரியாது. ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், காது வரை இறங்கியிருந்தால் எதிரி, தட்டு மாதிரி இருந்தால் நம்ம ஆள். பிரிட்டிஷ்காரன் எப்படி நம்ம ஆள் ஆனான் என்று அந்த வயதில் யாருக்கும் தோன்றவில்லை. பாலைவனத்தில் டாங்கி உருளும், பர்மாக் காட்டில் ஜப்பான்காரன் மரத்தில் ஒளிந்திருப்பான், அத்தனை பேரும் அட்சர சுத்தமான தமிழில் பேசிக்கொள்வார்கள். சரணடைந்துவிடு, உன்னைச் சூழ்ந்துவிட்டோம். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தளபதி, பாலத்தைத் தகர்த்துவிடுங்கள். சாகிறவன்கூட வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் சாவான். அடுத்த கட்டத்தில் அவனைக் காணோம். பிணத்துக்கு என்ன ஆயிற்று, அவன் அம்மாவுக்கு யார் கடிதம் போட்டார்கள் என்று எந்தக் கதையிலும் வராது, பக்கம் பற்றாது. உள்ளூர்ச் சைதாப்பேட்டையில் மசூதித் தெருவின் கூட்டாளி நயாஸும் பரந்தாமனும் இன்னும் ஐந்தாறு பேரும் கோட்டை அகழிக் கரையில் சண்டை போடும்போது அந்தத் தமிழில்தான் போடுவார்கள். வீட்டில் இன்னா, எதுக்கு, வந்துகினே இருக்கேன் என்று பேசுகிற பயல்கள், கையில் குச்சி வந்ததும் ‘ஆயுதங்களைக் கீழே போடு’ என்பார்கள். நயாஸின் வீட்டில் உருது, அவனுக்குத் தமிழ் எழுத்தே ததிங்கிணத்தோம், ஆனால் ‘துரோகியே’ என்று அவன் கூப்பிட்டால் எதிரிப் பயல்கள் குச்சியைக் கீழே போட்டுவிடுவார்கள். பேச்சுத்தமிழில் பேசியவன் ஆட்டம் அவுட். இதை யார் சட்டமாக்கினார்கள் என்று நினைவில்லை. யுத்தம் என்றால் அப்படித்தான், பூஜைக்கு மடி மாதிரி.

கஸ்தூரி டீ சொல்லட்டுமா சார் என்று கேட்டாள். வேண்டாம்மா என்றார். கீழே ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் படிக்கட்டுச் சுவரில் பளிச் பளிச்சென்று அடித்தது. சூடான காகித வாசனை. ரோல் கேப் வாசனைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இருந்தாலும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது, தகரத் துப்பாக்கியில் சிவப்புச் சுருளை மாட்டி ஒன்று வெடித்ததும் மூக்கில் ஏறுமே, அந்தக் கந்தக நெடி. தீபாவளி முடிந்து பத்து நாள் வரைக்கும் உள்ளங்கையில் இருக்கும். பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், மண்டியிட்டுச் சுடுகிறவன் மட்டும் நாலு பேர், எல்லோருக்கும் ஒரே மூஞ்சி. காலியான நூல்கட்டையின் விளிம்பைப் பிளேடால் பல் பல்லாகச் சீவி, நடுவில் ரப்பர் பேண்டு கோத்து, சோப்புத் துண்டும் தென்னங்குச்சியும் செருகி முறுக்கிவிட்டால் டாங்கி. மெதுவாக, ரொம்ப மெதுவாக, கணக்குப் புத்தகத்தின் மேல் ஏறி இறங்கும். அந்த வேகத்தில் போனால் எதிரி சாப்பிட்டுவிட்டு வந்து சுடலாம். மார்னிங் ஷோவில் இங்கிலீஷ் யுத்தப் படம், தலையும் புரியாது காலும் புரியாது, நயாஸின் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வான், பாதி அவனே கட்டிய கதை. விமானம் தலைகுப்புற விழும்போது கொட்டகையே விசிலடிக்கும். பின்னால் டி.வி. வந்தது. தபால்காரர் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலை இருபது பேர் முட்டி மடக்கி உட்கார்ந்து இந்தியில் ராணுவத் தொடர் பார்த்தார்கள். ஒரு அட்சரம் புரியவில்லை, ஆனால் தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொள்ளும் விதம் புரிந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். பொய் இல்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தோம் என்று பரந்தாமன் நினைத்தார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்குக் குற்றமாக்கி விசாரிக்க வேண்டியிருக்கிறதே என்று துக்கமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு ஒரு மனிதனிடம் மிஞ்சுகிற சொத்தே அதுதான், அதிலும் கறையான்.

கறையான் எங்கேயிருந்து ஏறியது என்பதும் அவருக்குத் தெரியும். ஏழுமலையண்ணன். நினைக்க வேண்டாம் என்று தள்ளினால் ஈ மாதிரி அங்கேயே வந்து உட்காரும். மூன்றாவது வீட்டு ஏழுமலை, ராணுவத்தில் மதராஸ் ரெஜிமெண்ட், நாயக் பதவி. எண்பத்தொன்பது கோடையில், இலங்கைக்குப் போன அமைதிப்படையிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியும், ஊருக்கெல்லாம் தெரிகிற பூட்ஸ் சத்தமும். பயல்களுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான யுத்தத்திலிருந்து நிஜமான ஆள். பின்னாலேயே அலைந்தார்கள். எத்தனை பேரைச் சுட்டீங்கண்ணா என்று கேட்டது பரந்தாமன்தான், வேறு யாரும் இல்லை, பதிமூன்று வயதுப் பரந்தாமன். ஏழுமலையண்ணன் பீடிச் சாம்பலை உதறிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அவரே அகழிக் கரைக்கு வந்தார். “இன்னாடா ஆடறீங்க? என்னியும் சேத்துக்கங்கடா” என்றார். சேர்த்துக்கொண்டார்கள், ஜெர்மன் பக்கம். ‘சரணடைந்துவிடு, தப்ப முடியாது’ என்று பரந்தாமன் புதருக்குப் பின்னால் இருந்து கத்தியதும் அவர் சிரித்தார். “யார்ரா இவன், வாத்தியார் மாதிரி பேசறான்!” பரந்தாமன் சுட்டார், வாயால்தான். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், என்ன அழகாக விழுந்தார். செத்தவன் நூறு எண்ணிவிட்டு எழுந்து வரலாம் என்பது ஆட்டம். நூறு ஆயிற்று. இருநூறும் ஆகியிருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நயாஸ்தான் முதலில் பயந்தான். கிட்டே போய் அவர் தோளைத் தொட்டு, சட்டத்தையெல்லாம் மறந்து, “அண்ணா, எய்ந்திருண்ணா, பயமா கீதுண்ணா” என்றான். ஏழுமலையண்ணன் அவன் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்தார். பிடித்த பிடியில் நயாஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யார் என்று தெரியாதவர் மாதிரி பார்த்தார். அப்புறம் விட்டார். எழுந்து லுங்கியில் மண்ணைத் தட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “அங்கயும் இப்டித்தான்டா பேசனாங்க. புக்குல வர்ற மாதிரி இல்ல. கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுவாங்க, ஆனா நம்ம பேச்சுதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பின் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. லீவு முடிந்து போனார், இரண்டு வருஷம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தார், பென்ஷன் வாங்கினார், பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார், சர்க்கரை முற்றிப் பத்து வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். பரந்தாமன் மாலை வாங்கிக்கொண்டு போனார். மனசை அறுப்பது அது இல்லை. மறுநாள் சாயங்காலம் இவர்கள் மறுபடி ஆடினார்கள், அதுதான். அதே கரை, அதே குச்சி, அதே புத்தகத் தமிழ். நயாஸின் மணிக்கட்டில் நாலு விரல் தடம் நீலமாக இருந்தது, அதை அவன் போர்க்காயம் என்று காட்டிக்கொண்டு திரிந்தான். காதில் விழுந்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பரந்தாமனும் கொண்டுபோகவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒன்பது வயதுப் பெண்ணை உட்காரவைத்து, அந்த நாற்பத்து மூன்றையும் டிரங்கிலிருந்து எடுத்துத் தூசு தட்டி, வாரத்துக்கு ஒன்று என்று கையில் கொடுத்தபோது ஏழுமலையண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. பாலத்தைத் தகர்த்தது யார் என்று கேள்வி கேட்டார். குழந்தை டக்கென்று பதில் சொல்லும். வசுமதிகூடத் திட்டினாள், பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, கோலம் போடக் கற்றுக்கொடுத்தாலும் புண்ணியம் என்று. மனைவி பேச்சை எந்தக் காலத்தில் கேட்டார் இதைக் கேட்க? ஆக, விஷத்தை வாரத்துக்கு ஒரு ஸ்பூன் ஊட்டியவர் அவர். கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நியாயம், அந்த நியாயத்தை வைத்துத்தான் அவர் காலையிலிருந்து முத்திரைத்தாளைச் சுமந்துகொண்டிருந்தார்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். தாரிணிதான், இரண்டிரண்டு படியாகத்தான் ஏறுவாள். கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கவர், கழுத்து வரை வெட்டிய முடி, இன்னும் பழகவில்லை, அவளா என்று ஒரு நொடி பார்க்க வேண்டியிருந்தது. “என்னப்பா, இன்னும் ஆகலையா?” என்று பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். “நாலு மணிக்கு வருவாருன்னாங்க, இன்னும் காணோம்” என்றார். மணி நாலு இருபது. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார். “தாரிணி, நான் அந்தப் புக்கெல்லாம் குடுக்காம இருந்திருந்தா நீ இதுக்குப் போயிருப்பியா?”

“எந்தப் புக்கு?”

“யுத்தக் காமிக்ஸ்மா. டிரங்குல இருக்கே.”

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு போட்டோ கவரைப் பார்த்தாள். “கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நான் அத முழுசா ஒண்ணுகூடப் படிச்சதில்லப்பா. கடைசி நாலு பக்கம் பாத்துக்குவேன். நீங்க கேள்வி கேப்பீங்க இல்ல, அதுக்கு. பதில் சொன்னா உங்க முகம் அப்படியே மலர்ந்துடும், சரி போகட்டும்னு சொல்லிடுவேன்.” சிரித்தாள். “எல்லாருக்கும் ஒரே மூஞ்சிப்பா அதுல.”

பரந்தாமனுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. சிரிப்பும் இல்லை. யாரோ நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று வாரமாகக் குற்றவாளி, அதற்கு முன் மூன்று மாதம் பெருமை பிடிபடாத தகப்பன், இரண்டு வேஷமும் சேர்ந்தாற்போல் கழன்றுவிட்டது. நாற்பத்து மூன்று புத்தகமும் இவள்மேல் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அவை வெறும் அவருடைய புத்தகங்கள். “அப்போ எதுக்கும்மா போற?” என்றார்.

“பத்தாவதுல என்.சி.சி. கேம்ப் போனேன் இல்ல, ஏலகிரிக்கு. பத்து நாள். பத்து நாளும் பாத்துப் போ, ஜாக்கிரதைன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. ஏறுன்னாங்க, ஏறினேன். ராத்திரி படுத்தா கை காலெல்லாம் என்னோடதுன்னு இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ்ளோதான்.”

“பயமா இல்லையா?”

“இருக்கு.” சட்டென்று சொல்லிவிட்டாள், அம்மாவிடம் பசிக்கிறது என்று சொல்வது மாதிரி. “ரொம்ப இருக்குப்பா. ராத்திரி தூக்கம் வரல. நீங்க வேற ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க. அதப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாவுது. சீக்கிரம் போட்டுக் குடுத்துடுங்கப்பா, நான் மாறிடறதுக்குள்ள.”

மாறட்டுமே என்று ஒரு குரல் உடனே உள்ளே எழுந்தது. இன்னும் ஒரு நாள்தானே, கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். அந்தக் குரலைப் பரந்தாமன் நன்றாகக் கேட்டார், தன் குரல்தான். அவளுடைய கை நாற்காலிப் பிடியில் இருந்தது. நகத்தைச் சதை வரை கடித்திருந்தாள், எட்டு வயதில் விட்ட பழக்கம். இவள் பயத்தோடு போகிறாள், பயம் இருக்கிறது என்று வெளியே சொல்லிவிட்டுப் போகிறாள், அவர் படித்த எந்தப் பக்கத்திலும் அப்படி ஒருத்தன் பேசியதில்லை. பதிலுக்கு என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் எழுதித் தரவும் இல்லை. அதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, “யாரு, பாண்டு கேஸா? வாங்க வாங்க, அஞ்சு நிமிஷம்தான்” என்றார். ஆதாரை வாங்கிப் பார்த்தார். “பையனுக்கா?” “பொண்ணுக்கு.” “அட, பலே!” என்று தாரிணியை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். தாளின் கீழ்ப்பாதியை மட்டும் பரந்தாமன் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்து, இங்கே, இங்கே, அப்புறம் பின்னால் என்று விரல் வைத்துக் காட்டினார். பரந்தாமன் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மேல்பாதியில் முத்திரைக்குக் கீழே கோழி கிளறிய மாதிரி வெண்டரின் எழுத்து. தணிகாசலம் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. ரப்பர் ஸ்டாம்பை மை அட்டையில் ஒற்றி எடுத்தார். நினைத்தது நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புனே வாசலில் எவனோ ஒருவன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான். இவள் பெட்டியோடு அங்கே தனியாக நிற்பாள். பயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் நிற்பாள்.

“சார், சீல் வைக்காதீங்க” என்றார் பரந்தாமன். “தாள் தப்பு சார். எம் பேர்ல வாங்கணும், பொண்ணு பேர்ல வாங்கியிருக்கு.”

தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஆமா சார். நல்ல வேளை, பாத்தீங்க! காலைலயே பாக்கக் கூடாதா? போங்க, வேற வாங்கிட்டு வாங்க. அஞ்சரை வரைக்கும் இருப்பேன்.”

தாரிணி தாளை எடுத்துப் பார்த்தாள். தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், அதில் இருந்ததைப் படிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. “காலைலயே தெரியுமாப்பா உங்களுக்கு?”

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது. “தெரியும்” என்றார்.

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், ஜீன்ஸ் பைக்குள் திணித்தாள். “அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றாள். “கடை அஞ்சு மணிக்குச் சாத்திடுவாங்க. வாங்க.” கீழே வந்ததும் ஸ்கூட்டரைச் சாவிபோட்டுக் கிளப்பிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே, “ஏறுங்க” என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்தார். மணி நாலு நாற்பது. ஆற்காடு ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது, அவள் வண்டியை அதற்குள் விட்டாள். பாத்துப் போம்மா என்பது பரந்தாமனின் வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டின் பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.